பாதி வழியில் நின்ற ஏழு ஆண்டுகள்: பிரிட்டனில் ஒரு கூட்டணி ஒரே கட்சியான கதை

1983 ஜூன் 9 அன்று பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி ஏறக்குறைய 84 லட்சத்து 56 ஆயிரம் ஓட்டு வாங்கி 209 இடங்களைப் பிடித்தது. லிபரல் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணி 77 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு வாங்கியது. அதற்குக் கிடைத்தது 23 இடம். தொழிற்கட்சிக்கு ஒரு எம்.பி.க்கு 40 ஆயிரம் ஓட்டு போதுமாயிருந்தது. கூட்டணிக்கு 3 லட்சத்து 38 ஆயிரம் தேவைப்பட்டது.

மையத்தில் நிற்கும் கட்சியும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த கட்சியும் கைகோத்தால் போதுமா, ஒரே கட்சியாகிவிட வேண்டுமா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்த நிகழ்வைத்தான். இதில் இரண்டும் நடந்தன. ஏழு ஆண்டு கூட்டணி, அப்புறம் இணைப்பு. இரண்டின் விலையும் எண்களில் பதிவாகியிருக்கிறது.

ஆட்களைப் பெயர் சொல்லாமல் பதவியால் குறிப்பிடுகிறேன். எல்லாரும் பொதுவாழ்க்கையில் இருந்தவர்கள், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பெயரைப் போட்டதுமே பேச்சு ‘அவர் கர்வி, இவர் அப்பாவி’ என்று திசை மாறிவிடுகிறது. எந்த முடிவை எந்த நிலைமையில் எடுத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பின்னணி

நம் ஊரில் இருப்பது போலத்தான் அங்கேயும்: தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தவர். இரண்டாமிடத்துக்கு மதிப்பில்லை. லிபரல் கட்சி 1974 பிப்ரவரியில் 19.3 சதவீத ஓட்டு வாங்கி 14 இடம் பெற்றது. 1979-ல் 13.8 சதவீதம், 11 இடம். நடுவில் 1977-78-ல் சிறுபான்மையாக நின்ற தொழிற்கட்சி அரசுக்கு லிபரல்கள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை, கெட்ட பெயரில் மட்டும் பங்கு கிடைத்தது.

1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் தலைமையில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. தோற்ற தொழிற்கட்சிக்குள் இடதுசாரி அணியின் கை ஓங்கியது. 1981 ஜனவரி 24 அன்று வெம்ப்ளியில் கூடிய அதன் சிறப்பு மாநாடு, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எம்.பி.க்களிடமிருந்து எடுத்துத் தொழிற்சங்கங்களுக்கு 40 பங்கு, தொகுதிக் கிளைகளுக்கு 30, எம்.பி.க்களுக்கு 30 என்று பிரித்துக் கொடுத்தது.

மறுநாளே தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நால்வர், கிழக்கு லண்டனில் லைம்ஹவுஸ் பகுதியில் இருந்த தங்களில் ஒருவரின் வீட்டில் கூடி அறிக்கை விட்டார்கள். மார்ச் 26 அன்று சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தது. இனி அதை எஸ்.டி.பி. என்கிறேன். காலப்போக்கில் தொழிற்கட்சி எம்.பி.க்கள் 28 பேர் வந்து சேர்ந்தார்கள். கன்சர்வேட்டிவ் பக்கத்திலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்.

முதல் முடிவு: தனிக் கட்சி, ஆனால் கூட்டணி

நால்வரும் நேராக லிபரல் கட்சியில் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சேராததற்குக் காரணம் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொழிற்கட்சிக்கே ஓட்டுப் போட்ட குடும்பம் லிபரலுக்குப் போகாது. புதிதாக ஒரு வீடு கட்டினால் அங்கே வரலாம் என்பது கணக்கு. லிபரல் தலைவரும் அதைத்தான் விரும்பினார். சில பேரை உள்ளே இழுத்துக்கொள்வதைவிட, பக்கத்தில் ஒரு கட்சி முளைத்தால் தொழிற்கட்சியிலிருந்து அதிகம் பேர் கழன்று வருவார்கள் என்று நினைத்தார்.

1981 ஏப்ரலில் ஜெர்மனியின் கோனிக்ஸ்விண்டரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது, லிபரல் தலைவரும் நால்வரில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கொள்கை அறிக்கை சேர்ந்து வெளியிடுவது, ஒருவரை எதிர்த்து ஒருவர் நிற்பதில்லை, தொகுதிகளை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது. அவ்வளவுதான் உடன்பாடு. இணைப்பு பற்றிய பேச்சே இல்லை.

செப்டம்பரில் லாண்டட்னோவில் கூடிய லிபரல் மாநாடு கூட்டணிக்குப் பெரும்பான்மையோடு ஒப்புதல் தந்தது. ‘ஊருக்குத் திரும்பிப் போய் ஆட்சிக்குத் தயாராகுங்கள்’ என்று தலைவர் தொண்டர்களிடம் சொன்னார். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அந்த மாதங்களில் யாரும் சிரிக்கவில்லை. ஜூலையில் வாரிங்டன் இடைத்தேர்தலில் எஸ்.டி.பி. வேட்பாளர் 42 சதவீதம் வாங்கி, தொழிற்கட்சியின் கோட்டையில் 1,759 ஓட்டில்தான் தோற்றார். நவம்பரில் கிராஸ்பியில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு இருந்த 19,272 ஓட்டு முன்னிலையை உடைத்து, எஸ்.டி.பி. வேட்பாளர் 5,289 ஓட்டில் ஜெயித்தார். டிசம்பரில் கேலப் கருத்துக்கணிப்பு கூட்டணிக்கு 50.5 சதவீதம் காட்டியது.

குரோய்டனில் கவனித்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பின்னால் வந்த எல்லாக் குடைச்சலுக்கும் விதை இங்கே இருக்கிறது.

1981 அக்டோபரில் குரோய்டன் வடமேற்குத் தொகுதிக்கு இடைத்தேர்தல். அங்கே லிபரல் கட்சிக்கு ஏற்கெனவே வேட்பாளர் இருந்தார். 1979-ல் அதே தொகுதியில் நின்று டெபாசிட் இழந்தவர். நால்வரில் ஒருவர், நாடறிந்த முன்னாள் கல்வி அமைச்சர், அப்போது எம்.பி. பதவி இல்லாமல் இருந்தார். அவரை அங்கே நிறுத்தினால் வெற்றி உறுதி என்று இரண்டு கட்சித் தலைமைக்கும் தோன்றியது. லிபரல் தலைவரே உள்ளூர்க் கிளையிடம் விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

கிளை முடியாது என்றது. அவர்கள் கட்சி விதிப்படி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கிளையின் உரிமை. தலைவர் கேட்கலாம், கட்டளையிட முடியாது. வேட்பாளரும் விலகவில்லை. முன்னாள் அமைச்சர் ஒதுங்கி வேறு தொகுதி தேடினார். அதுதான் பிறகு கிராஸ்பியில் முடிந்தது. டெபாசிட் போன மனிதர் குரோய்டனில் ஜெயித்துவிட்டார்.

இதிலிருந்து இரண்டு தரப்பும் நேர் எதிரான பாடங்களை எடுத்துக்கொண்டன. எங்கள் ஆள் யாராயிருந்தாலும் ஜெயிப்பார், எங்கள் தொகுதியை ஏன் விட்டுத்தர வேண்டும் என்று லிபரல் கிளைகள் முடிவுகட்டின. இவர்களோடு மேலே எதை ஒப்புக்கொண்டாலும் கீழே செல்லாது என்று எஸ்.டி.பி. தலைமை குறித்துக்கொண்டது.

கட்சிகள் கட்டப்பட்ட விதமே வேறு. எஸ்.டி.பி. உறுப்பினர் பட்டியல் தலைமையகத்துக் கணினியில் இருந்தது. கிரெடிட் கார்டில் சந்தா கட்டி உறுப்பினராகலாம் என்பது அந்தக் காலத்தில் செய்தியாகவே வந்தது. லிபரல் கட்சியில் அந்தந்த ஊர்க் கிளைதான் உறுப்பினரைச் சேர்த்தது, சந்தாவும் அங்கேதான். ஒன்று மேலிருந்து கீழே கட்டியது, இன்னொன்று கீழிருந்து மேலே வளர்ந்தது. இப்படி இருக்கிற இரண்டுக்கும் நடுவே தொகுதிப் பங்கீடு என்றால் யார் யாரோடு பேசுவது?

தொகுதிப் பங்கீடு

வட அயர்லாந்து நீங்கலாக 633 தொகுதிகள். பல ஊர்களில் லிபரல் வேட்பாளர் ஆண்டுக்கணக்கில் துண்டறிக்கை போட்டு, வீடுவீடாக ஏறி இறங்கி, நகராட்சியில் நாலு இடம் பிடித்து வைத்திருந்தார். அங்கே போய் ‘இந்தத் தொகுதி எஸ்.டி.பி.க்கு’ என்றால் என்ன ஆகும்? எஸ்.டி.பி. பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஜெயிக்கக்கூடிய தொகுதிகளை லிபரல்கள் வைத்துக்கொண்டு, தேறாதவற்றைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றார்கள்.

1982 புத்தாண்டு பிறந்ததுமே எஸ்.டி.பி.க்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவர் பொறுமை இழந்து, பேச்சை நிறுத்துவதாகப் பத்திரிகையில் பகிரங்கமாகவே அறிவித்தார். மூடிய அறைக்குள் நடந்த இழுபறி அன்றிலிருந்து ஊர்ச் சண்டை ஆனது. கூட்டணியின் கருத்துக்கணிப்புச் சரிவு அந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரலில் ஃபாக்லாந்து போர் வந்து தாட்சரைத் தூக்கி நிறுத்தியதும் சரிவு தீவிரமானது. கூட்டணி சரிந்ததற்குப் போர்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த ஜனவரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நடுவில் தொகுதி மறுவரையறை வேறு. போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது. ஆனாலும் முடித்தார்கள். 1983 தேர்தலில் மூன்றே தொகுதிகளில்தான் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. அதில் லிவர்பூல் பிராட்கிரீனில் எஸ்.டி.பி. சார்பில் நின்றவர் அதே நகரத்தின் சிட்டிங் எம்.பி. உள்ளூர் லிபரல்கள் தலைமை சொல்லியும் கேட்காமல் ஆள் நிறுத்தினார்கள். ஜெயித்தது தொழிற்கட்சி.

633-ல் 630 தொகுதியில் உடன்பாடு! எந்த நாட்டுக் கூட்டணியும் பெருமைப்படலாம். இணைப்பில் இருக்கிற கஷ்டமான வேலையில் முக்கால்வாசி இதுதான். உள்ளூர் ஆளிடம் போய் ‘நீ நிற்காதே’ என்று சொல்வது. அந்த வேலையை முடித்தபிறகும் இரண்டு தலைவர், இரண்டு மாநாடு, இரண்டு கொள்கைக் குழு என்று வைத்துக்கொண்டார்கள்.

1983-ன் முடிவும், எடுக்காத முடிவும்

கூட்டணிக்கு ஓட்டு 25.4 சதவீதம். தொழிற்கட்சிக்கு 27.6. முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் கூட்டணி இரண்டாமிடம். கன்சர்வேட்டிவ் கட்சி 42.4 சதவீதத்தில் 397 இடங்களை அள்ளியது.

கூட்டணியின் 23-ல் லிபரல் 17, எஸ்.டி.பி. 6. காரணம் எளிது. லிபரல் ஓட்டு சில ஊர்களில் குவிந்து கிடந்தது. எஸ்.டி.பி. ஓட்டு நாடு முழுக்கத் தோசை மாவு போலப் பரவியிருந்தது, எங்கேயும் தடிமன் இல்லை. முப்பதை ஒட்டி இருந்த எஸ்.டி.பி. எம்.பி.க்கள் ஆறு பேர் ஆனார்கள். கிராஸ்பி போனது, குரோய்டனும் போனது.

இணைப்பு பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்கவில்லை. ஒரு கோடி தொடாவிட்டாலும் ஓட்டுப் போட்டவர்களில் கால்வாசிப் பேர் ஆதரித்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் தலைநிமிர்ந்து உட்கார முடியும். ஆனால் எஸ்.டி.பி.யின் முதல் தலைவர், இணைப்பில் சங்கடப்படாதவர், பதவி விலகினார். அடுத்து போட்டியின்றி வந்தவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர். அவர் பார்வையில் எஸ்.டி.பி. ஒரு தனி அடையாளம். லிபரல் கட்சியில் கரைந்தால் தொழிற்கட்சியிலிருந்து வெளியே வந்ததற்கே அர்த்தமில்லை. செப்டம்பரில் சால்ஃபோர்டில் கூடிய எஸ்.டி.பி. மாநாடு இணைப்பு வேண்டாம் என்றது.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு, சந்தைப் பொருளாதாரம் இரண்டிலும் அவர் லிபரல் தொண்டர்களுக்கு வலதுபக்கம் நின்றார். அந்த வேறுபாடு நிஜம். இணைத்துவிட்டால் அது மறைந்துபோகும் என்று அவர் நம்பவில்லை, சரிதான். ஆனால் இணைக்காமல் விட்டாலும் அது மறையாதே. ஒரே தேர்தல் அறிக்கையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டுமே.

27 ஓட்டு

1984 முதல் 1987 வரை கூட்டணி இடைத்தேர்தல்களில் நன்றாகவே செய்தது. போர்ட்ஸ்மவுத் தெற்கு, பிரெகான், ரைடேல், கிரீனிச், ட்ரூரோ. சில தொகுதிகளில் இரண்டு கட்சி உறுப்பினர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டுப் பொது வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே இணைப்பு தானாகவே நடந்துகொண்டிருந்தது. உடைந்தது மேலே.

அணு ஆயுதம்தான் பிரச்சினை. பழைய போலாரிஸ் ஏவுகணைகளுக்குப் பதிலாகப் புதிதாக வாங்குவதா, விட்டுவிடுவதா? இரண்டு கட்சியும் கூட்டு ஆணையம் அமைத்தன. அது முடிவைத் தள்ளிப்போடுவது என்ற இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அறிக்கை வெளிவருமுன் லிபரல் தலைவர் பத்திரிகையாளர்களோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அதைக் கோடிகாட்டிவிட்டார், மறுநாள் எஸ்.டி.பி. தலைவர் தோற்றுவிட்டதுபோலச் செய்தி வந்தது. 1986 மே மாதம் எஸ்.டி.பி. தலைவர் மேடையிலேயே அந்த மழுப்பலுக்குத் தன் பெயரைத் தர முடியாது என்றார்.

அப்புறம் இரண்டு தலைவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பிரான்ஸோடு சேர்ந்து ஐரோப்பிய அளவில் குறைந்தபட்ச அணுத் தடுப்பு. செப்டம்பரில் ஈஸ்ட்போர்னில் லிபரல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. அந்த ஒத்துழைப்பு அணு ஆயுதம் இல்லாததாக இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. திருத்தத்துக்கு ஆதரவு 652, எதிர்ப்பு 625. தலைவர் 27 ஓட்டில் சொந்த மாநாட்டில் தோற்றார்.

லிபரல் மாநாடு என்பது கிளைகளிலிருந்து பெருங்கூட்டமாகத் திரண்டு வருகிறவர்கள் நேரே ஓட்டுப் போடும் இடம். எஸ்.டி.பி.யின் பொதுக்குழு சில நூறு பேர் கொண்ட சிறிய அமைப்பு, தலைமையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். தலைவர்கள் இரண்டு பேர் கைகுலுக்கினால் ஒருவரிடம் மட்டும்தான் அதை நிறைவேற்றும் அதிகாரம் இருந்தது. குரோய்டனில் பார்த்ததே மறுபடி, இந்தத் தடவை டிவி கேமரா முன்னால்.

1987 தேர்தலில் இரண்டு தலைவரும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் யாரோடு சேர்வீர்கள்? எஸ்.டி.பி. தலைவரின் பதில் கன்சர்வேட்டிவ் பக்கம் கதவைத் திறந்து வைத்தது. தாட்சரைத் தாங்கிப் பிடிப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றார் லிபரல் தலைவர். டிவியில் அந்த நாளில் பிரபலமான பொம்மை நகைச்சுவை நிகழ்ச்சி, லிபரல் தலைவரை எஸ்.டி.பி. தலைவரின் சட்டைப்பைக்குள் எட்டிப்பார்க்கும் குட்டி பொம்மையாகக் காட்டியது. ஓட்டு 22.6 சதவீதம், இடம் 22.

மூன்றாம் நாள்

தேர்தல் ஜூன் 11, வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லிபரல் தலைவர் இணைப்பு வேண்டும் என்று பகிரங்கப்படுத்திவிட்டார். சூடு ஆறுமுன் அடிக்காவிட்டால் இன்னொரு நாலு ஆண்டு போய்விடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நோக்கம் சரி. ஆனால் எதிர்த் தரப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கழுத்தில் கத்தி வைத்ததுபோல் பட்டது.

எஸ்.டி.பி. உறுப்பினர்களிடம் தபால் வாக்கெடுப்பு நடந்தது. தனி அடையாளத்தை வைத்துக்கொண்டு நெருங்கிய கூட்டணியா, இணைப்புப் பேச்சா என்று இரண்டு தேர்வுகள். ஆகஸ்டில் முடிவு: இணைப்புப் பேச்சுக்கு 57.4 சதவீதம். எஸ்.டி.பி. தலைவர் உடனே விலகினார். கட்சியின் ஐந்து எம்.பி.க்களில் நால்வர் இணைப்பை எதிர்த்தவர்கள். அதில் ஒருவரே அடுத்த தலைவராகி, உறுப்பினர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தார். இந்த முழு நிகழ்விலும் என் மரியாதைக்கு உரியவர் இவர். ஆனால் தான் விரும்பாத ஒன்றைப் பேசி முடிக்கப் போகிறவர் ஒவ்வொரு வரிக்கும் உத்தரவாதம் கேட்பார். கேட்டார்.

1987 செப்டம்பர் முதல் 1988 ஜனவரி வரை பேச்சு இழுத்தது. பெரிய பெரிய குழுக்கள். சண்டை எதில்? ஒன்று பெயர், ‘லிபரல்’ என்ற சொல் முன்னாலா பின்னாலா என்று. இன்னொன்று நேட்டோ ராணுவக் கூட்டணியைக் கட்சி அமைப்புச் சட்டத்தின் முகவுரையிலேயே எழுதுவது. ஒரு கட்சியின் முகவுரையில் வெளிநாட்டு ராணுவ ஒப்பந்தத்துக்கு என்ன வேலை என்று லிபரல்கள் கேட்டார்கள். ஈஸ்ட்போர்ன் போல இன்னொரு மாநாடு வந்தால் யார் பொறுப்பு என்று எஸ்.டி.பி. கேட்டது. லிபரல் தரப்பில் சிலர் எழுந்தே போய்விட்டார்கள்.

செத்த கிளி

அமைப்புச் சட்டத்தோடு, புதுக் கட்சியின் கொள்கைகளைச் சொல்லும் ஆவணம் ஒன்றும் வேண்டும் என்று எஸ்.டி.பி.யின் புதுத் தலைவர் நிபந்தனை வைத்திருந்தார். எழுதியது அவர் பக்கத்து ஆட்கள். லிபரல் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். லிபரல் எம்.பி.க்கள் அதைக் கையில் வாங்கிப் படித்தபோது 1988 ஜனவரி 13. அன்றுதான் வெளியீடு, பத்திரிகையாளர்கள் வந்து காத்திருந்தார்கள்.

உணவுப்பொருள், குழந்தைகள் துணி, வீட்டு எரிபொருள் ஆகியவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி, வீட்டுக்கடன் வட்டிச் சலுகையை நீக்குவது எனப் பலதும் அதில் இருந்தன. சில மணி நேரத்தில் ஆவணம் வாபஸ். ஒரு பிரபல நகைச்சுவைத் துணுக்கை நினைவுபடுத்தி ‘செத்த கிளி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. சில நாட்களில் இரு தரப்பும் உட்கார்ந்து, பழைய கூட்டணி அறிக்கைகளிலிருந்து எடுத்துத் தொகுத்து, யாரையும் கோபப்படுத்தாத வேறொன்றை எழுதினார்கள்.

பிளாக்பூலில் லிபரல் சிறப்பு மாநாடு: ஆதரவு 2,099, எதிர்ப்பு 385. ஷெஃபீல்டில் எஸ்.டி.பி. பொதுக்குழு: ஆதரவு 273, எதிர்ப்பு 28, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 49. உறுப்பினர் வாக்கெடுப்பில் லிபரல் தரப்பில் 46,376-க்கு 6,365, எஸ்.டி.பி. தரப்பில் 18,872-க்கு 9,929. 1988 மார்ச் 3 அன்று புதுக் கட்சி வந்தது. எஸ்.டி.பி.யில் மூன்றில் ஒருவர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த இணைப்பு அது.

இணைந்த பின்

பெயர் ‘சமூக, லிபரல் ஜனநாயகவாதிகள்’. யாருக்கும் வாயில் நுழையவில்லை. 1988-ல் சுருக்கமாக ‘ஜனநாயகவாதிகள்’ என்று வைத்தார்கள். பழைய லிபரல்களுக்குப் பொறுக்கவில்லை. 1989 அக்டோபரில் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி ‘லிபரல் டெமாக்ரட்’ என்று முடித்தார்கள். ஒரு கட்சி தன் பெயரைத் தேடவே ஒன்றரை ஆண்டு செலவழித்தது.

இணைப்பை எதிர்த்து 1987-ல் விலகிய எஸ்.டி.பி. தலைவர் இரண்டு எம்.பி.க்களோடு எஸ்.டி.பி.யைத் தனியாக நடத்தினார். 1989 பிப்ரவரியில் யார்க்ஷயரின் ரிச்மண்ட் இடைத்தேர்தல் வந்தது. கன்சர்வேட்டிவ் 19,543, தனி எஸ்.டி.பி. 16,909, இணைந்த கட்சி 11,589. ஒரே வேட்பாளர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் இணைந்த கட்சிக்கு 6 சதவீதச் சொச்சம். பசுமைக் கட்சி ஏறக்குறைய 15 வாங்கியது. கூட்டிக் கழித்தால், இரண்டு கட்சி சேர்ந்து ஒன்றானதில் மூன்றாக உடைந்திருந்தது. பழைய லிபரல்கள் சிலரும் தனியே லிபரல் கட்சியை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

தனி எஸ்.டி.பி.யின் முடிவு 1990 மே மாதம் பூட்டில் தொகுதியில் வந்தது. அதன் வேட்பாளருக்கு 155 ஓட்டு. கேலிக்காகவே நிற்கும் ‘மான்ஸ்டர் ரேவிங் லூனி’ கட்சிக்கு 418. அடுத்த மாதமே கட்சியை மூடினார்கள். அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் ஜெயித்தது. 27 ஓட்டு விவகாரம் நடந்த அதே ஊர்.

1992 பொதுத்தேர்தலில் 17.8 சதவீதம், 20 இடம். 1997-ல் ஓட்டு இன்னும் குறைந்து 16.8 சதவீதம். இடம்? 46.

1997-ல் என்ன நடந்தது

இந்த நாலு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 25.4-க்கு 23 இடம். 22.6-க்கு 22. 17.8-க்கு 20. 16.8-க்கு 46. இணைப்பு ஓட்டைக் கூட்டவில்லை. இடத்தையும் அதனால் மட்டும் கூட்டவில்லை.

1997-ல் இரண்டு விஷயம் சேர்ந்தது. ஒன்று, கட்சி நாடு முழுக்கப் பரவி நிற்பதை விட்டுவிட்டு, சில டஜன் தொகுதிகளில் ஆளையும் பணத்தையும் கொட்டியது. ஒரே கட்சியாக இருந்ததால் அது முடிந்தது. ‘உன் கட்சித் தொகுதிக்கு ஏன், என் கட்சித் தொகுதிக்கு ஏன் இல்லை’ என்ற பேச்சு இல்லை. இரண்டு, தொழிற்கட்சி ஆதரவாளர்களும் லிபரல் டெமாக்ரட் ஆதரவாளர்களும் கன்சர்வேட்டிவைத் தோற்கடிக்க எந்த வேட்பாளருக்குப் போட்டால் நடக்குமோ அவருக்குப் போட்டார்கள். நாடு தழுவிய தொகுதி உடன்பாடு எதுவும் இல்லை. இரண்டு கட்சியும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றையொன்று எதிர்த்தே நின்றன.

அரசியல் சட்டச் சீர்திருத்தம் பற்றி மட்டும் இரு கட்சிகளும் கூட்டுக் குழு வைத்துப் பேசி, தேர்தலுக்குமுன் பொது அறிக்கை வெளியிட்டன. லிபரல் டெமாக்ரட் பக்கத்தில் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், பத்து ஆண்டுக்குமுன் இணைப்புப் பேச்சு நடத்திய அதே எஸ்.டி.பி. தலைவர். இந்தத் தடவை பேச்சு ஒரே பொருளில் நின்றது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றங்கள் விகிதாசாரம் கலந்த முறையில் 1999-ல் வந்தன. நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றுவதுபற்றி 1998-ல் ஒரு ஆணையம் அறிக்கை தந்தது. அதன் தலைவர் லைம்ஹவுஸ் நால்வரில் மூத்தவர். அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை.

மறுபடி செய்தால்

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருக்கலாம்.

1981-ல் தனிக் கட்சி தொடங்கியதை மாற்றமாட்டேன். லிபரல் கட்சிக்குள் போயிருந்தால் அந்த 28 எம்.பி.க்களில் பாதிப் பேர்கூட வந்திருக்கமாட்டார்கள். ஆனால் கோனிக்ஸ்விண்டரில் பேசியபோதே ஒரு தேதி போட்டிருக்க வேண்டும்: முதல் பொதுத்தேர்தல் முடிந்து ஓர் ஆண்டுக்குள் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, இணைப்பா பிரிவா என்று முடிவுசெய்வது. தேதி இல்லாத கூட்டணியில் முடிவு எப்போதும் தோல்விக்கு மறுநாள்தான் வருகிறது.

1983 முதல் 87 வரையிலான காலத்தைத்தான் முதலில் மாற்றுவேன். தொகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு, கொள்கையில் தனித்தனி என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஈஸ்ட்போர்னில் யாரும் தோற்றிருக்கமாட்டார்கள். இணைந்திருந்தால் ஒரே மாநாடு, அணு ஆயுதத்தில் ஒரே சண்டை, ஒரே முடிவு. இரண்டுக்கும் நடுவில் நின்றதால் ஒரு கட்சியின் மாநாட்டு முடிவு இன்னொரு கட்சித் தலைவரின் மானப்பிரச்சினை ஆனது.

பேச்சுவார்த்தையில் கொள்கை ஆவணத்தைச் சேர்த்தது பிழை. இணைகிற கட்சிகள் அமைப்புச் சட்டத்தை எழுதினால் போதும். குழந்தைத் துணிக்கு வரி உண்டா என்பதைப் புதுக் கட்சியின் முதல் மாநாடு பார்த்துக்கொள்ளும். அப்படியே எழுதியாக வேண்டுமென்றால், எம்.பி.க்கள் அதை வெளியீட்டு நாளிலா முதல் தடவை பார்ப்பது?

பெயரை உறுப்பினரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். 1989-ல் கேட்டதும் ஒரே வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது.

ரிச்மண்டை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். இணைப்பை எதிர்த்த எஸ்.டி.பி. உறுப்பினர்கள் 9,929 பேர், மூன்று எம்.பி.க்கள். இவர்களை வற்புறுத்தி உள்ளே இழுக்க முயன்றார்கள், முடியாதபோது எதிரியாகப் பார்த்தார்கள். பிரிந்துபோகிறவர்களோடும் ஒரு தொகுதி உடன்பாடு போடலாம் என்ற யோசனை எடுபடவில்லை. 1981-83-ல் முன்பின் தெரியாத கட்சியோடு 630 தொகுதியில் செய்ய முடிந்ததை, 1989-ல் நேற்றுவரை கூட இருந்தவர்களோடு யார்க்ஷயரில் ஒரே ஒரு தொகுதியில் செய்யவில்லை.